கொஞ்சமாக ஓட்டும் காரின் எக்ஸாஸ்ட் உள்ளிருந்து துருப்பிடிப்பதைத் தடுப்பது எப்படி

என் மாமனார் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு அவர் கார் போகும் இடங்கள் மூன்றுதான். காலையில் ஈரச்சந்தை, மதியம் பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோயில். மூன்றுமே 2, 3 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பலமாடிக் கார்பார்க்கில், கூரைக்குக் கீழே, மழை படாத இடமாகப் பார்த்து நிறுத்துவார், வாரத்தில் மூன்று நாள் துணியால் துடைப்பார். ஏழு வயது கார், 40,000 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. அந்த வருஷம் வந்த கட்டாய வாகனச் சோதனைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம்.

காரை லிஃப்டில் ஏற்றிய தம்பி ஜோகூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர். பின்பக்கத்து சைலன்சர் பெட்டியை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் இரண்டு தட்டு தட்டினார். டிங் என்று கேட்கவேண்டிய இடத்தில் பொத் பொத்தென்று கேட்டது, பழுப்புச் செதில்கள் கொட்டின. பெட்டியைப் பிடித்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம். "மாப்பிள்ளை, இந்த வண்டிய நான் மழையிலயே நிறுத்தினது இல்லையே" என்றார் மாமா, முகமே வாடிவிட்டது. "ஐயா, இது மழைத்தண்ணி இல்ல, இஞ்சின் விட்ட தண்ணி, உள்ளேருந்து அரிச்சிருக்கு" என்றார் அந்தத் தம்பி.

இதை நான் எழுதுவதே அந்த ஒரு வரிக்காகத்தான். காரைக் குறைவாக ஓட்டினால் தேய்மானம் குறையும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம், டயருக்கும் பிரேக் பேடுக்கும் அது ஓரளவு சரிதான், ஆனால் இஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்டுக்கு அப்படியே தலைகீழ்.

பெட்ரோல் என்பது ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த பொருள். அது எரியும்போது கார்பன், கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது, ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் பலர் நம்பமாட்டார்கள்: 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர். ஆறிப்போன இஞ்சினைக் கிளப்பி இரண்டு கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் ஒரு டம்ளர் தண்ணீராவது ஆவியாக எக்ஸாஸ்ட் குழாய்க்குள் போயிருக்கும். குழாய் சூடாக இருந்தால் அத்தனையும் ஆவியாகவே வெளியே போய்விடும், ஒரு சொட்டும் தங்காது. குழாய் குளிர்ந்திருந்தால், இட்லிச் சட்டி மூடியில் நீர் கோர்ப்பதுபோல, உலோகத்தின் உள்பக்கம் முழுக்க வியர்த்துவிடும்.

இங்கே குளிர் என்பதைக் குளிர்கால நாடுகளோடு சேர்த்து யோசிக்காதீர்கள். புகையில் இருக்கிற ஈரம் சுமார் 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்தாலே தண்ணீராக மாறத் தொடங்கிவிடும். நம் கார்பார்க்கில் ராத்திரி முழுக்க நின்ற காரின் குழாய் 28, 29 டிகிரியில் இருக்கும். நமக்குத்தான் அது புழுக்கம், அந்தப் புகைக்கு அது குளிர்ந்த சுவர்.

எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் சூடாவதும் இல்லை. இஞ்சினை ஒட்டி, புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு சீக்கிரம் கொதித்துவிடும், அதற்கடுத்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்வதற்கே 250, 300 டிகிரி வேண்டும் என்பதால் அதைச் சட்டென்று சூடாக்குகிற மாதிரிதான் இஞ்சினை அமைத்திருப்பார்கள். அப்புறம் நடுக்குழாய். எல்லாவற்றுக்கும் கடைசியில், காரின் பின்பக்கச் சாமான் அறைக்கு அடியில், இஞ்சினிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தொங்குகிற பின் சைலன்சர் பெட்டிக்கு வந்து சேரும்போது புகை பாதிச் சூட்டை வழியிலேயே விட்டிருக்கும். பெட்டியும் கனமானது, உள்ளே தடுப்புத் தகடுகள் வேறு, அது உள்வரைக்கும் நன்றாகச் சூடாக 15, 20 நிமிஷம் நிற்காத ஓட்டம் தேவை. மாமாவின் சந்தைப் பயணம் ஆறு நிமிஷம். பெட்டி வெதுவெதுப்பாகி, நன்றாகத் தண்ணீர் கோர்த்து, காய ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே இஞ்சினை அணைத்துவிடுகிறார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இப்படி.

டேஷ்போர்டில் வெப்பமுள் நடுவுக்கு வந்துவிட்டது, வண்டி சூடாகிவிட்டது என்று சொல்வார்கள். அந்த முள் காட்டுவது இஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவத்தின் சூடு. பின்பெட்டி அதற்கு வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருக்கும், அதைக் காட்டுவதற்கு எந்த முள்ளும் கிடையாது.

தேங்குகிற தண்ணீர் நல்ல தண்ணீராகவும் இருப்பதில்லை. புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள், கொஞ்சம் கந்தகம், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் அதில் கரைந்து அதை லேசான அமிலமாக்குகின்றன. இப்போதைய பெட்ரோலில் கந்தகம் மிகவும் குறைவு, அந்தக் காலத்துக் கார்களைவிட நிலைமை எவ்வளவோ மேல், ஆனாலும் தண்ணீர் மெல்ல மெல்ல வற்றும்போது அமிலமும் உப்பும் வற்றுவதில்லை, அவை கடைசிச் சொட்டில் கெட்டியாகி அங்கேயே உட்கார்ந்துவிடும். அடுத்த நாள் மறுபடியும் நனைத்தல், மறுபடியும் அரைகுறையாகக் காய்தல்.

பலர் கேட்பார்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, அது எப்படித் துருப்பிடிக்கும் என்று. கார் கம்பெனிகள் நிறையப் பயன்படுத்துவது 409 என்ற ரகம், அதில் குரோமியம் சுமார் 11 சதவீதம்தான். நம் வீட்டுப் பாத்திரங்களில் வருகிற 304 ரகத்தில் குரோமியம் 18 சதவீதம், கூடவே நிக்கல் 8 சதவீதம். 409 வெளியே லேசாகப் பழுப்படிப்பது சாதாரணம், அது தோலோடு நின்றுவிடும், அதைப் பார்த்துப் பதறவேண்டாம். ஆனால் உள்ளே அமிலத் தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் குரோமியம் தருகிற அந்த மெல்லிய காப்புப் படலம் அங்கங்கே உடைந்து, புள்ளி புள்ளியாகக் குழி விழும். சில கார்களில் அலுமினியப் பூச்சு போட்ட இரும்பு வரும், அதில் வெல்டு வைத்த ஓரங்களில் பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள், அது வெளியிலிருந்து அரிக்கும். சிங்கப்பூரில் அந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் இங்கே எக்ஸாஸ்ட் துரு என்று சொன்னாலே ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். நம் ஊரின் பிரச்சினை வேறு. தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர்தான், பள்ளி, சந்தை, எம்ஆர்டி ரயில் நிலையம் எல்லாம் வீட்டுப் பக்கத்திலேயே, ஆகவே குறும்பயணம் நமக்குப் பழக்கமாகிவிட்டது. காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கும் மேல், அதனால் மூடிய பெட்டிக்குள் தேங்கியது தானாக உலர வழியே இல்லை. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் துரு நடக்கிற வேகம் அதிகம்.

ஹைபிரிட் வைத்திருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது இஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், பிறகு பேட்டரி இழுக்கும். எரிபொருள் மிச்சம், உண்மைதான், ஆனால் பின்பெட்டி சூடேறவே வாய்ப்புக் கிடைப்பதில்லை. பத்து நிமிஷப் பயணத்தில் இஞ்சின் ஓடியது மூன்று நிமிஷமாகக்கூட இருக்கலாம்.

சரி, என்ன செய்வது?

முதலில் கிலோமீட்டரை எண்ணுவதை விட்டுவிட்டு, ஆறிப்போன இஞ்சினை ஒரு வாரத்தில் எத்தனை தடவை கிளப்புகிறோம் என்று எண்ணுங்கள். மாமாவுக்கு அந்தக் கணக்கு வாரத்துக்குப் பதினான்கு வந்தது. அதில் ஒவ்வொன்றும் ஒரு நனைத்தல். எண்ணிக்கையைக் குறைப்பதுதான் முதல் மருந்து. சந்தை எட்டு நிமிஷ நடை என்றால் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம், அல்லது ஒரு நிறுத்தம் பஸ் ஏறிவிடலாம். காரை எடுத்தே ஆகவேண்டிய வேலைகளை ஒரே நாளில், ஒரே சுற்றில் முடியுங்கள். அந்தச் சுற்றிலும் தூரமான இடத்துக்கு முதலில் போய்விட்டுப் பக்கத்து வேலைகளைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள், அப்படிச் செய்தால் பெட்டி ஏற்கெனவே சூடாக இருக்கும், பத்து இருபது நிமிஷம் நிறுத்தி மறுபடி எடுத்தாலும் நீர் பெரிதாகக் கோர்க்காது. பெரும்பாலானோர் இதை மாற்றிச் செய்கிறோம், பக்கத்துக் கடையை முடித்து வீட்டில் காரைப் போட்டுவிட்டுச் சாயந்திரம் மறுபடி கிளப்புகிறோம்.

இரண்டாவது, வாரத்துக்கு ஒருமுறை ஒரு நல்ல ஓட்டம். அரை மணி நேரத்துக்குக் குறையாமல், விரைவுச்சாலையில், சிக்னலில் நின்று நின்று போகாமல், சாலையின் வேக வரம்புக்குள் 80, 90 கிலோமீட்டரில். இஞ்சின் கொஞ்சம் உழைத்து ஓடினால்தான் புகையின் அளவும் சூடும் கூடும், அந்தச் சூடுதான் பெட்டிக்குள் கிடக்கிற தண்ணீரை ஆவியாக்கி வெளியே துரத்தும். வாரம் ஒருமுறை முடியாவிட்டால் பத்து நாளைக்கு ஒருமுறையாவது. ஈசூன்காரர்களுக்கு நான் சொல்லும் வழி: சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறுங்கள், அது அப்படியே தெம்பனிஸ் விரைவுச்சாலையாகத் தொடர்ந்து சாங்கிப் பக்கம் கொண்டுபோய் விடும், ஒரு வழிக்கே 20 கிலோமீட்டருக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும், அன்றைக்கு ஈஆர்பி என்ற மின்னியல் சாலைக் கட்டணமும் கிடையாது. ஜூரோங், புக்கிட் பாத்தோக் பக்கம் இருப்பவர்களுக்குத் தீவு விரைவுச்சாலை போதும், 40 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், எங்கே ஏறினாலும் போதுமான தூரம் கிடைக்கும். உட்லண்ட்ஸ் பாலத்தில் வரிசையில் ஊர்ந்து ஜோகூர் போய்வந்ததை நீண்ட பயணம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். நேரம் நீளம்தான், ஆனால் வண்டி நின்றபடி இஞ்சின் மட்டும் ஓடுகிற ஐட்லிங்கில் பெட்டி சூடாகாது.

ஐட்லிங் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தில் செய்கிற மிகப் பெரிய தவறு இதுதான். பேட்டரி இறங்கிவிடக்கூடாது என்று கார்பார்க்கில் போய் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் கிளப்பிவிட்டு அணைத்துவிட்டு வருவார்கள். மாமாவும் வெளியூர் போயிருந்தபோது என் மச்சானை விட்டு அதைச் செய்யச் சொல்லியிருந்தார். நின்றபடி ஓடுகிற இஞ்சினிலிருந்து வரும் புகை குறைவு, சூடும் குறைவு, தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் விட்டாலும் பின்பெட்டி உருப்படியாகக் காயாது. பேட்டரிக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் பெரிதாக ஒன்றும் ஏறுவதில்லை, ஸ்டார்ட் செய்யச் செலவானதே திரும்பினால் அதிகம். இதற்கும் மேலே, நிறுத்திய வண்டியில் இஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கலாம். ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் போவதற்கு முந்தின நாள் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி, எக்ஸாஸ்டைக் காயவைத்து நிறுத்திவிட்டுப் போங்கள். நடுவில் யாராவது எடுப்பதானால் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிட்டால் சீக்கிரம் காயாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஆறிய இஞ்சினை அப்படி மிதிப்பது இஞ்சினுக்கே கெடுதல், அடுக்குமாடி புளோக்கில் தூங்குகிற குழந்தைகளுக்கும்தான்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

காலையில், கார் முழுக்க ஆறியிருக்கும்போது, ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு பின்பம்பர் பக்கம் குனியுங்கள். ஜாக் போட்டு அடியில் படுக்கவேண்டாம், அந்த வேலையை லிஃப்ட் இருக்கிற இடத்துக்கு விட்டுவிடுங்கள். பெட்டியின் மடிப்பு ஓரம், குழாய் பெட்டிக்குள் நுழைகிற வெல்டு, ரப்பர் வளையத்தில் தொங்குகிற கம்பி, இந்த மூன்று இடங்கள்தான் முதலில் போகும். மேலோட்டமான பழுப்பு பரவாயில்லை. நகத்தால் சுரண்டினால் அடுக்கடுக்காக உதிர்ந்தாலோ, ஒரே இடத்தில் கருப்பாகப் புகைக்கறை வரி போட்டிருந்தாலோ அங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். மரக்கட்டையாலோ ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியாலோ தட்டிப் பாருங்கள், நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும்.

பல கார்களில் பெட்டியின் அடிமட்டத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். அது துருவால் வந்த ஓட்டை இல்லை, தண்ணீர் வடிவதற்காகவே வைத்தது. வட்டமாக, ஓரம் ஒழுங்காக இருக்கும், ஓடும்போது அதிலிருந்து சொட்டும். விஷயம் தெரியாமல் சிலர் அதை அடைப்புப் பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள், பிறகு தண்ணீருக்குப் போக்கிடமே இல்லாமல் போகிறது. சேறு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். துளை இல்லாத பெட்டியில் நீங்களாகத் துளை போடவேண்டாம்.

புகை வெளியே வரும் கடைசிக் குழாயான டெயில்பைப்பிலிருந்து காலையில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இஞ்சின் ஒழுங்காக எரிகிறது, தண்ணீர் வெளியே வருகிறது, நல்லதுதான். நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் அது வேறு கதை, கூலன்ட் இஞ்சினுக்குள் கசியாமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கவேண்டும்.

காதையும் பழக்கிக்கொள்ளுங்கள். காலையில் கிளப்பும்போது சத்தம் முன்பைவிடக் கனமாக இருந்தால், அல்லது வேகம் எடுக்கும்போது சீறல் கேட்டால் எங்கோ கசிகிறது. காருக்குள் புகை நாற்றம் வந்தால், அல்லது ஓட்டும்போது மட்டும் தலைவலியும் கிறுகிறுப்பும் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, நாற்றம் வராத கசிவும் ஆளை மயக்கிவிடும், பின்சீட்டில் குழந்தை உட்காருகிற கார் என்றால் இன்னும் அவசரம். ஜன்னல்களை இறக்கி, ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து எல்லோரும் இறங்கிவிடுங்கள், அங்கிருந்து வண்டியை இழுவை வண்டியில் அனுப்புங்கள்.

வெளியே அடிக்கிற துருத்தடுப்பு ஸ்ப்ரே பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. எக்ஸாஸ்ட் மேல் காரின் அடித்தகட்டுக்கு அடிக்கிற சாதாரண அண்டர்கோட் பூச்சை அடிக்காதீர்கள், சூட்டில் கருகி நாறும். சூடு தாங்கும் பெயிண்ட் வெளித்தோலுக்குக் கொஞ்சம் உதவும், உள்ளே நடப்பதை அது தொடாது. பொங்கோல், சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட் என்று கடலோரமாக இருக்கிறவர்கள் மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, கழுவின கையோடு ஓட்டிக் காயவைப்பது நல்லது.

பெட்டி போய்விட்டது என்றால் முழு எக்ஸாஸ்டையும் மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பெரும்பாலும் பின்பகுதி மட்டும்தான் அழுகியிருக்கும், நல்ல குழாய் வரைக்கும் வெட்டிப் புதுப் பெட்டியை வெல்டு வைக்கமுடியும். எந்த ரகத் தகடு என்று கேளுங்கள். வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து இன்னும் ஐந்து பத்து வருஷம் ஓட்டப்போகிற காருக்கு 304 போடக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது, அடுத்த வருஷம் விடப்போகிற காருக்கு அது தேவையில்லை. டேப்பும் பேஸ்டும் வொர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரைக்கும்தான். சத்தம் கூடுகிற மாற்று எக்ஸாஸ்ட் பக்கம் போகாதீர்கள், அதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், சோதனையில் சத்தமும் புகையும் பார்ப்பார்கள். 3 வயதிலிருந்து 10 வயது வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, 10 தாண்டினால் வருஷா வருஷம் சோதனை என்பதால், தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே பெட்டியைத் தட்டிப் பார்த்துவிடுவது கடைசி நேர அலைச்சலைத் தவிர்க்கும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிலோமீட்டர் குறைவு என்று விற்பவர் சொன்னதும் மகிழ்ந்துவிடாமல் எங்கே ஓடிய கிலோமீட்டர் என்று கேளுங்கள். தினமும் தீவின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸுக்கு வேலைக்குப் போய்வந்த 90,000 கிலோமீட்டர் காரின் பின்பெட்டி, சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் போன 30,000 கிலோமீட்டர் காரின் பெட்டியைவிட நல்ல நிலையில் இருப்பது சாதாரணம். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், பால் கலந்த மாதிரிப் பசை ஒட்டியிருந்தால் அந்த இஞ்சின் சூடாக ஓடின நாள் குறைவாக இருக்கலாம், கூலன்ட் அளவையும் கையோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்குப் புதுப் பெட்டி போட்டாகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையைக் கூட்டிக்கொண்டு சாங்கி வில்லேஜுக்கு நாசி லெமாக் சாப்பிடப் போகிறார், திரும்பும்போது வாரத்துக்கு வேண்டிய காய்கறியையும் வாங்கிவிடுகிறார். நீங்களும் இந்த வாரம் தொடங்குவதானால் ஒன்று நினைவிருக்கட்டும். நாள்பட்டுக் கிடந்த கார் என்றால் முதல் ஒன்றிரண்டு ஓட்டத்தில் டெயில்பைப்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் தெறிக்கலாம், பின்பம்பரில் சின்னச் சின்னக் கறை விழலாம். அது உள்ளே தேங்கிக் கிடந்தது வெளியே வருவது, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நான்கு வாரம் ஒழுங்காக ஓட்டிய பிறகும் தண்ணீர் பழுப்பாகவே வந்தால் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.